பாலத்துக்கு முன்னே வந்த கல்வெட்டு

உ

வடகுறிச்சி
9.11.1998

அத்தாணிச்சேரி ஊராட்சி மன்றத் தலைவி திருமதி ரஹ்மத் பீவி அவர்களுக்கு, வடகுறிச்சி ஊராட்சி மன்றத் தலைவர் வைத்தியலிங்கம் எழுதிக்கொண்டது.

நலம். நலமறிய அவா. முந்தாநாள் ஒன்றிய ஆபீஸில் என்னைக் கண்டதும் தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட வேகத்தைப் பார்த்ததிலிருந்து, நான் நலமாகத்தான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். பழைய முகம்தான். புதிதாகக் கெட்டுப்போக அதில் ஒன்றும் மிச்சமில்லை.

தாங்கள் பாதியில் எழுந்து போனபிறகு பி.டி.ஓ. சொன்னதை எழுதுகிறேன். நம் இரண்டு ஊருக்கும் நடுவே ஆற்றில் பாலம் கட்ட மாவட்டத்திலிருந்து நிதி ஒதுக்கியாகிவிட்டது. பாலம் எந்த இடத்தில் என்று இரண்டு மன்றமும் ஒரே இடத்தைச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும். இரண்டு தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச்சுக்குள் வேலை ஆரம்பிக்கவில்லையென்றால் பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். “அப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கரையில நின்னு துண்டை ஆட்டிக்க வேண்டியதுதான்” என்றார். மனிதருக்கு நாக்கு நீளம்.

இன்னொரு சின்ன விஷயம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்தச்சரிடம், பாலத் திறப்பு விழாவுக்காகக் கல்வெட்டு ஒன்று வெட்டச் சொல்லியிருந்தேன். லாரிக்காரன் வழி தெரியாமல் தென்கரை ரோட்டில் வந்திருக்கிறான். ஆற்றைத் தாண்டி என் வீட்டுக்கு வர வழியில்லை. பாலம் இல்லாத காரணத்தால் பாலத்தின் கல்வெட்டைத் தங்கள் படித்துறையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

பாலம் கட்டும் முன்பே கல்வெட்டு எதற்கு என்று கேட்பீர்கள். நான் பார்த்தவரையில் நம் பக்கத்தில் பாலம் விழுந்தபிறகும் கல்வெட்டு நிற்கிறது. எது நிற்கப்போகிறதோ அதை முதலில் செய்து வைப்போமே என்று செய்தேன்.

கல்லைக் குப்புறப் போட்டு வைத்தால் நல்லது. வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும்.

இப்படிக்கு,
வைத்தியலிங்கம்


786

அத்தாணிச்சேரி
16.11.1998

வடகுறிச்சி ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் நாலு நாள் கழித்துக் கிடைத்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தாங்கள் கொல்லையில் நின்று பல் துலக்குவது தெரிகிறது. அந்தத் தூரத்துக்குக் கடிதம் திருவாரூர் போய், பை மாறி, பஸ் ஏறி வந்து சேர்ந்திருக்கிறது. பாலம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்த உறையைக் காட்டினால் போதும்.

கருங்கல்லில் வெட்டிய எழுத்து வெயிலில் மங்கும் என்பதை இன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் கல் மல்லாந்துதான் இறங்கியது. இறங்கிய அன்றே ஊரே படித்துவிட்டது. நானும் படித்தேன்.

“தலைமை: மாவட்ட ஆட்சித் தலைவர். முன்னிலை: திரு. வைத்தியலிங்கம், தலைவர், வடகுறிச்சி ஊராட்சி. ஜனாப் மீரா உசேன், தலைவர், அத்தாணிச்சேரி ஊராட்சி.”

ஜனாப் மீரா உசேன் என் வீட்டுக்காரர். சார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். அத்தாணிச்சேரிக்குத் தான்தான் தலைவர் என்பது அந்த மனுஷருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் லீவு கேட்டு வந்திருப்பார்.

பெண்களுக்கென்று ஒதுக்கிய ஊராட்சி இது. தேர்தலில் நின்றது நான். தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டுச் செருப்பு தேய்ந்தது எனக்கு. இரண்டு வருஷமாக ஒன்றியக் கூட்டத்தில் தங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார் என்று நினைத்தீர்கள்?

கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. துவைக்கிற கல்லாகிவிட்டது. அடுத்த வீட்டு ஆமினா சொல்கிறது: “அருமையான கல்லுக்கா! எழுத்து சொரசொரன்னு இருக்குறதால அழுக்கு சட்டுனு போவுது. காலும் வழுக்கல.” தங்கள் பெயர் இருக்கிற வரியில்தான் நுரை நன்றாக வருகிறதாம்.

இடத்தைப் பற்றி: தங்கள் களத்துக்கு நேரே பாலம் வேண்டும் என்று தாங்கள் ஓவர்சியரிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. பாலம் உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு நேரேதான் வர வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அங்கே மணி அடித்தால் இங்கே எங்கள் சமையல்கட்டில் கேட்கிறது. ஆனால் பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாறி ஊரைச் சுற்ற வேண்டும். குறுக்கே கிடப்பது ஒற்றைத் தென்னமரம். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் எந்தத் தாய் பெண்பிள்ளையை அதன்மேல் அனுப்புவாள்? போன வருஷம் எட்டாவது முடித்த பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் இப்போது வீட்டில் இருக்கிறார்கள். என் ஷிஃபா இந்த வருஷம் எட்டாவது. ஜூனில் அவளும் வீட்டில் உட்காருவதா, ஒன்பதாவது போவதா என்பதுதான் எனக்குப் பாலம்.

கல்லுக்குப் பதில் சொல்லுங்கள். இடத்தை மாற்றுங்கள். இரண்டும் ஆகிறவரை என் கையெழுத்து கிடைக்காது. ஒன்றிய ஆபீஸிலும் நான் தங்களோடு பேசுவதாக இல்லை. எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

ரஹ்மத் பீவி,
தலைவர், அத்தாணிச்சேரி ஊராட்சி
(நான்தான்)


உ

வடகுறிச்சி
23.11.1998

தலைவி அவர்களுக்கு,

அந்த அடைப்புக்குறிக்குள் போட்டிருந்த “நான்தான்” என்னை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

நடந்தது இதுதான். கல்தச்சர் உளியைக் காதில் செருகிக்கொண்டு, “அக்கரைத் தலைவர் பேரு என்னங்க?” என்றார். மீராவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வாத்தியாரிடம், ஒரே காதைத் திருகக் கொடுத்தவர்கள். அத்தாணிச்சேரி என்றாலே என் வாயில் அவன் பெயர்தான் வரும். வந்துவிட்டது. தச்சரும் வெட்டிவிட்டார். ஒரு நல்ல தச்சராக இருந்திருந்தால் பாதியில் தப்பாக வெட்டியிருப்பார். இவர் ஒரு புள்ளிகூட விடவில்லை.

தங்கள் கடிதத்தைப் பூவம்மாள் படித்துவிட்டாள். என் வீட்டில் கடிதம் யார் பெயருக்கு வந்தாலும் முதல் வாசகி அவள்தான். அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லாமல், “பூவம்மாள் வீட்டுக்காரரே, சாப்பிட வாங்க” என்கிறாள். நேற்று பால்காரரிடமும் அப்படியே அறிமுகப்படுத்தினாள். பால்காரருக்கு என்னைப் பதினைந்து வருஷமாகத் தெரியும்.

ஆனால் இடத்தில் நான் அசையமாட்டேன். தென்கரையில் பூவம்மாளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த நிலம் இருப்பது தங்களுக்குத் தெரியும். அங்கே அறுத்த நெல் என் கண்ணெதிரே கிடக்கும். நான் இங்கே நின்று அதைப் பார்ப்பேன். அதுவும் என்னைப் பார்க்கும். வீட்டுக்கு வர அது டிராக்டரில் இரண்டு ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நெல்லுக்கு பஸ் பாஸ் எடுத்துக் கொடுக்காததுதான் பாக்கி. என் ஊரில் பாதிப் பேருக்கு அக்கரையில் நிலம். அவர்களும்தான் எனக்கு ஓட்டுப் போட்டார்கள்.

மேலும், பாலத்தின் முகப்பில் அலங்கார வளைவு ஒன்று வைக்க உத்தேசம். எங்கள் ஊர் பெயின்டர் ரெத்தினம் படம் போட்டுவிட்டான். இரண்டு பக்கமும் யானை, தும்பிக்கையில் மாலை. நடுவில் ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறான். யார் பெயருக்கு என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நாகரிகமான பையன்.

கையெழுத்து விஷயத்தை நான் வேறு வழியில் முடித்துக்கொள்கிறேன்.

வைத்தியலிங்கம்


786

அத்தாணிச்சேரி
2.12.1998

வடகுறிச்சித் தலைவர் அவர்களுக்கு,

வேறு வழி என்ன என்று தெரிந்துவிட்டது.

அரசப்பன் பூத்திலிருந்து தாங்கள் சார்ஜாவுக்குப் பேசியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சு எங்கள் கரைவரை கேட்டதாம். மீன் வாங்க ஆற்றோரம் நின்றவர்கள் சொன்னார்கள். தாங்கள் போட்ட சத்தத்துக்குப் போன் இல்லாமலே சார்ஜாவில் கேட்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் அன்றே எனக்குப் போன் போட்டார். சிரிப்பில் பாதிப் பேச்சு புரியவில்லை. தாங்கள், “மாப்ளே, தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்துப் போடச் சொல்லுடா” என்றீர்களாம். இவர், “தலைவர் நான் இல்லீங்களே மச்சான். வீட்டு வரி கட்டலைன்னு எனக்கே அவங்க நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க” என்றாராம்.

உண்மைதான். எங்கள் வீடு அவர் பெயரில் இருக்கிறது. பாக்கி இருந்தது. எல்லோருக்கும் அனுப்பியதுபோல் அவருக்கும் சார்ஜா விலாசத்துக்கு அனுப்பினேன். கட்டிவிட்டார்.

என்னிடம் கேட்க வேண்டியதை என்னைத் தாண்டிக் கடல் கடந்து போய்க் கேட்டீர்கள். ஆற்றைத் தாண்ட முடியாதவர் கடலைத் தாண்டியது பெரிய விஷயம்தான். கல்வெட்டில் செய்த தவறை இப்போது போனிலும் செய்திருக்கிறீர்கள். மூன்றாவது தடவைக்கு எதை வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

ரஹ்மத் பீவி


உ

வடகுறிச்சி
14.12.1998

தலைவி அவர்களுக்கு,

போன் விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே தண்டனை கிடைத்துவிட்டது. மீரா சிரித்துக்கொண்டே இருந்தான், பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் சிரிப்புக்கும் நான்தான் பில் கட்டினேன். அரசப்பன் மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது, “அண்ணே, அடுத்த தடவ ஜோக் சொல்றதா இருந்தா லோக்கல்ல சொல்லுங்க” என்றான்.

தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். போதுமா? கல்லும் தவறு, போனும் தவறு.

ஆனால் தென்னமரத்தைப் பற்றித் தாங்கள் எழுதியது கொஞ்சம் அதிகப்படி. அது நல்ல வைரம் பாய்ந்த மரம். நானும் மீராவும் சின்ன வயதில் அந்த இடத்தில் கிடந்த மரத்தின்மேல் ஓடியிருக்கிறோம். பிள்ளைகள் அணில் மாதிரி. தாவிப் போய்விடுவார்கள். பக்கத்தில் ஒரு மூங்கிலைக் கைப்பிடியாகக் கட்டிவிட்டால் உயர்நிலைப் பள்ளிக்கு அது போதும். பெரிய பாலம் களத்துக்கு நேரே வரட்டும். இரண்டு ஊருக்கும் இரண்டு வழி. இதைவிட நியாயம் கலெக்டரே சொல்ல முடியாது.

பயம் என்பது பெரியவர்கள் மனத்தில்தான். நானெல்லாம் இன்றைக்கும் அந்த மரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன்.

வைத்தியலிங்கம்


786

அத்தாணிச்சேரி
21.12.1998

தலைவர் அவர்களுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள். நடந்து காட்டுங்கள். கண்ணைத் திறந்துகொண்டே நடக்கலாம், ஆட்சேபம் இல்லை.

இக்கரை வந்து சேர்ந்துவிட்டால் தங்கள் களத்துக்கு நேரே பாலம் என்று அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன். பேனா என் கையில் இருக்கும்.

நோன்பு ஆரம்பித்துவிட்டது. இந்த மாதத்தில் நான் பொய் சொல்வதில்லை.

ரஹ்மத் பீவி


உ

வடகுறிச்சி
30.12.1998

தங்கச்சி ரஹ்மத்துக்கு,

இனிமேல் “தலைவி அவர்களுக்கு” என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது. இடுப்பளவு தண்ணீரில் தலையில் ஆகாயத்தாமரையோடு நின்ற ஒருவனை முழுதாகப் பார்த்துவிட்டவரிடம் என்ன மரியாதைப் பேச்சு.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. அதற்காகவாவது யாராவது கை தட்டியிருக்கலாம். இரண்டு கரையிலும் இவ்வளவு கூட்டம் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் கரையில் நின்றவர்கள்கூட நான் விழுவதைப் பார்க்க வந்தவர்கள்தான் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. சுண்டல் விற்கிறவன் வந்திருந்தான். பூவம்மாள் முதல் வரிசையில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடுவில் மரம் கொஞ்சம் உருண்டது. உருண்டது என்றுதான் நான் சொல்வேன். “மரம் உருளல, நீங்கதான் உருண்டீங்க” என்கிறாள் பூவம்மாள். தண்ணீருக்குள் போய்விட்டு மேலே வந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது, உங்கள் ஊர் இப்ராஹிம் மாமா துறட்டியை நீட்டுவது. அவசரத்தில் அவர் முதலில் மீட்டது என் வேட்டியை. என்னை அப்புறம்தான் மீட்டார்.

இதெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன்.

மீராவின் கைலியையும், சார்ஜா கோப்பை என்று எழுதிய டீ ஷர்ட்டையும் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டிலிருந்து கிளம்பினேன் அல்லவா? மரத்தில் திரும்பி நடக்கத் துணிவில்லாததால் பஸ்ஸில் சுற்றி வந்தேன். இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் கண்டக்டர், “பாய், எங்க போவணும்?” என்றான். இரண்டாவது பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, சார்ஜாவில் மேட்ச் நேரில் பார்த்தீர்களா என்று கேட்டான். பார்த்தேன் என்றேன். உண்மையைச் சொல்லி இறங்குமிடம்வரை விளக்க எனக்குத் தெம்பில்லை. வீட்டு வாசலில் பூவம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். கை கூப்பினாள்.

“வாங்க மீரா அண்ணே! எப்ப சார்ஜாலேருந்து வந்தீங்க? அவரு வெளியில போயிருக்காரு, உக்காருங்க.”

மூன்று தடவை “நான்தாண்டி” என்றேன். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் அந்த அடைப்புக்குறி ஞாபகம் வந்தது. ஒருவர் தன் வாசலிலேயே நின்றுகொண்டு “நான்தான்” என்று சொல்ல வேண்டியிருந்தால் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொண்டேன், ரஹ்மத். கல்லில் வெட்டினமாதிரி தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. வீட்டில் அத்தனை பேரும் நோன்பு. வாயில் பச்சைத் தண்ணீர் இல்லாமல், எனக்கு மட்டும் அடுப்புப் பற்றவைத்து டீ போட்டுக் கொடுத்தீர்கள். காலி டம்ளரை வாங்க வந்த ஷிஃபா என்னிடம் மெதுவாகக் கேட்டது:

“மாமா, எங்க கையில புத்தகப் பையும் இருக்கும்ல?”

கிண்டலாகக் கேட்கவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டது. நான் வெறும் கையோடு விழுந்தவன்.

பாலம் பள்ளிக்கூடத்துக்கு நேரேயே இருக்கட்டும். ஆனால் ஓவர்சியர் போட்டு வைத்திருப்பது நடைபாலத்தின் அகலம். அதில் டிராக்டர் போகாது. என் ஊர்க்காரர்களுக்கு நான் என்ன சொல்ல? “உங்கள் நெல் வழக்கம்போல் ஊர் சுற்றட்டும், எனக்கு ஆற்றில் ஞானம் வந்துவிட்டது” என்றா?

வைத்தியலிங்கம்

பி.கு.: வேட்டி உங்கள் வீட்டில் இருக்கிறது. என் கௌரவமும் அந்தப் பக்கம் எங்காவது ஒதுங்கியிருந்தால் சேர்த்து அனுப்பவும்.


786

அத்தாணிச்சேரி
6.1.1999

வைத்தியண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஆமினாவுக்குப் படித்துக் காட்டினேன். “மீரா அண்ணே” வந்த இடத்தில் நோன்போடு சிரிக்க முடியாமல் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். நீங்கள் விழுந்தபோது நான் சிரிக்கவில்லை. அல்லா அறிய, முதலில் பயந்துவிட்டேன். நீங்கள் எழுந்து தலையிலிருந்த தாமரையை எடுத்து எனக்கு வணக்கம் வைத்தபிறகுதான் சிரித்தேன்.

ஓவர்சியரை வரவழைத்துப் பேசினேன். உங்கள் வளைவையும் யானைகளையும் எஸ்டிமேட்டில் சேர்த்திருப்பதால்தான் பாலம் ஒடுங்கிப்போயிருக்கிறது. “வளைவை எடுத்தா டிராக்டர் போற அகலம் வருமா சார்?” என்று கேட்டேன். தாளில் ஏதேதோ கூட்டிக் கழித்துவிட்டு, “தாராளமா வரும்மா. ஆனா வடகுறிச்சித் தலைவர் யானையை விடுவாரா?” என்றார்.

இரண்டு யானை நிற்கிற செலவில் ஒரு டிராக்டர் போகும் அண்ணே. என் பிள்ளைகள் காலையிலும் சாயங்காலமும் நடப்பார்கள். உங்கள் நெல் மற்ற நேரத்தில் வரட்டும். உங்கள் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றியத்தில் என்னுடைய முதல் கூட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தீர்மானத்தை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். முதல் வரியையே இரண்டு தடவை படித்தேன். நாலு பேர் சிரித்தார்கள். நீங்கள் உங்கள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். குடித்துவிட்டுப் படித்தேன். அன்றைக்கு என்னைத் தலைவராகப் பார்த்த ஒரே ஆள் நீங்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வேறு யாராவது அந்தக் கல்லை வெட்டியிருந்தால் குப்புறப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

சரி, போகட்டும். வேட்டியைத் துவைத்துக் காயவைத்துவிட்டேன். உங்கள் பெயர் மேலேயே அடித்துத் துவைத்தது. பளிச்சென்று இருக்கிறது.

ரஹ்மத்


உ

வடகுறிச்சி
18.1.1999

தங்கச்சி ரஹ்மத்துக்கு,

யானைகளை விட்டுவிட்டேன்.

ரெத்தினத்திடம் சொன்னபோது அவன் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “ஒரு யானையாவது வச்சுக்கலாம் தலைவரே” என்றான். தும்பிக்கை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் எனக்கும் சபலம் தட்டியது. பூவம்மாள் பார்த்த பார்வையில் அதுவும் போய்விட்டது.

டிராக்டர் போகும் என்றதும் எங்கள் மன்றத்தில் ஒரு கை பாக்கியில்லாமல் தூக்கிவிட்டார்கள். களத்துக்கு நேரே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற பஞ்சநதம், “நெல்லுக்கு எந்தத் தெருவா இருந்தா என்னய்யா, வீடு வந்தா சரி” என்றார். இதை அவர் நவம்பரில் சொல்லியிருந்தால் நான் நனையாமல் இருந்திருப்பேன்.

இரண்டு மன்றத்துக்கும் பொதுவான தீர்மானத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பள்ளிக்கு நேரே பாலம், டிராக்டர் போகும் அகலம், வளைவு இல்லை. முன்மொழிந்தவர்: ரஹ்மத் பீவி, தலைவர், அத்தாணிச்சேரி. வழிமொழிந்தவர்: வைத்தியலிங்கம். உங்கள் பெயரை நானே எழுதினேன். எழுதியபின் பூவம்மாளிடம் காட்டினேன். அதற்கப்புறம் மறுபடி நானும் ஒரு தடவை பார்த்தேன். பழக்கம் இருக்கிறதே, அது பொல்லாதது.

கல்தச்சரிடம் திருத்த முடியுமா என்று கேட்டேன். கருங்கல்லில் ரப்பர் வைத்து அழிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். வேறு கல் வெட்டுகிறேன் என்றால், நீங்கள் கல்லே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அப்படியானால் அது படித்துறையிலேயே கிடக்கட்டும். தலைவர் பதவியில் இதுவரை நான் செய்ததில் ஜனங்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

ஒரு வதந்தி. இன்னொரு தேர்தல் போனால் எங்கள் ஊரும் பெண்கள் ஊராட்சி ஆகுமாம். பூவம்மாள் இப்போதே ஒன்றிய ஆபீஸுக்கு எத்தனை மணி பஸ் என்று விசாரிக்கிறாள். அன்றைக்கு யாராவது கல்வெட்டில் என் பெயரைத் தவறுதலாகத் தலைவர் என்று வெட்டிவிட்டால், நீங்கள் கொஞ்சம் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் வந்த அன்று எங்கள் வீட்டில் ராத்திரிச் சமையல் இல்லை. எங்கள் கரும்பு உங்களுக்கு வந்து சேர்ந்ததா? இரண்டும் பஸ்ஸில்தான் ஊர் சுற்றின. பெருநாள் வாழ்த்துகள். மீராவுக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும். எழுதித்தான் போடுவேன். போன் வேண்டாம்.

அண்ணன்,
வைத்தியலிங்கம்


786

அத்தாணிச்சேரி
14.6.1999

வைத்தியண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தில் ஸ்டாம்ப் இல்லை. திருவாரூர் போகவில்லை. ஷிஃபாவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும். நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். மை காயுமுன் நீங்கள் படித்துவிடுவீர்கள்.

போன வருஷம் நின்றுவிட்ட பெண்பிள்ளைகளும் இன்றைக்குச் சேர்கிறார்கள். வயது ஒன்று கூடிவிட்டதே என்று வெட்கப்பட்டார்கள். ஒன்றாகப் போனால் வெட்கம் தெரியாது என்று சேர்த்து அனுப்பியிருக்கிறேன். இப்ராஹிம் மாமா துறட்டியோடு பாலத்தின் ஓரத்தில் நிற்கிறார். “பாலம்தான் வந்துருச்சே மாமா, துறட்டி எதுக்கு?” என்றால், “தலைவர் வந்தாலும் வருவாரும்மா” என்கிறார்.

மேட்டூர் திறந்த தண்ணீர் இன்னும் நம் ஆற்றுக்கு வரவில்லை. வரட்டும். முதல் தடவையாக அது வருவதைப் பார்த்து நான் பயப்படப்போவதில்லை.

திறப்பு விழா வைக்கவில்லையே என்று உங்களுக்கு வருத்தம் இருக்கும். ஆனால் முதலில் பாலத்தைத் தாண்டியது யார் என்று யோசித்தீர்களா? உங்கள் கல்தான். பள்ளிக்கூட வாசலில் அந்தச் சின்ன வாய்க்காலைத் தாண்டப் பிள்ளைகளுக்கு ஒரு பலகைக்கல் வேண்டும் என்று மேஸ்திரி கேட்டதும், உங்கள் டிராக்டரில் ஏற்றி நேற்று சாயங்காலம் அக்கரை கொண்டுபோய்விட்டார்கள். போன நவம்பரில் ஆற்றைத் தாண்ட முடியாமல் இங்கே இறங்கிய கல், பாலத்தின் முதல் பாரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. துவைக்க வேறு கல் தருகிறேன் என்று சொல்லி ஆமினாவைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

எழுத்து கீழே இருக்கும்படி போடச் சொல்லி நான் சொன்னேன் அண்ணே. மேஸ்திரி கேட்கவில்லை. “எழுத்து மேல இருந்தாத்தான் புள்ளைங்களுக்கு வழுக்காது” என்று மல்லாத்திப் போட்டுவிட்டார். அதில்தான் ஒரு சங்கடம். நேற்று ஒத்திகை பார்க்கக் கூட்டிப் போனேன். ஷிஃபா கல்லில் இருக்கிற உங்கள் பெயரையும் அத்தா பெயரையும் மிதிக்க மாட்டேன் என்று தாண்டிக் குதிக்கிறது. “எழுத்தும்மா, அதுலயும் மாமா பேரு” என்கிறது. அதைப் பார்த்து மற்றதுகளும் குதிக்கின்றன. நான் சொன்னால் கேட்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ரஹ்மத்


(அதே தாளின் பின்பக்கம்)

தங்கச்சிக்கு,

ஷிஃபா வாசலில் நிற்கிறது. மணி அடிக்கப்போகிறது என்று காலை மாற்றி மாற்றி வைக்கிறது. பூவம்மாள் அதன் வாயில் கேசரியைத் திணித்துக்கொண்டிருக்கிறாள். அதற்குள் எழுதுகிறேன்.

அதனிடம் சொல்லிவிட்டேன். மற்றதுகளிடமும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். என் பெயர்மேல் நன்றாகக் காலை ஊன்றி, மிதித்துக்கொண்டே போகட்டும். கையில் புத்தகப் பை இருக்கிறது. தாண்டிக் குதித்தால் விழும்.

இரண்டு ஊருக்கும் சேர்த்து நான் ஒருத்தன் விழுந்தது போதும்.

வைத்தியண்ணன்